ஆலோசகரா, ஆசிரியரா, வெளி மையமா? மாணவர் மனநல உதவியை ஊரைப் பார்த்துத் தேர்வு செய்வது

பள்ளி நிர்வாகக் குழுவில் மாணவர் மனநலம் பற்றிப் பேச்சு எழுந்தால், விவாதம் சீக்கிரமே ஒரே கேள்வியில் போய் நின்றுவிடும்: எந்தத் திட்டம் நல்லது? முழுநேர ஆலோசகர் ஒருவரை வைக்க வேண்டும் என்பார் ஒருவர். இருக்கிற ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தால் போதாதா என்பார் இன்னொருவர். வெளியே ஏதாவது மனநல மையத்தோடு பேசி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வரும். பிள்ளைகள் எல்லாரும் கைபேசியும் கையுமாகத்தானே இருக்கிறார்கள், ஓர் உதவி எண்ணைச் சுவரில் எழுதிப்போட்டால் ஆயிற்று என்று யாராவது பேச்சை முடித்துவைப்பார்கள்.

இந்த நான்கும் எங்கோ ஓரிடத்தில் பலன் தந்தவை. வேறெங்கோ யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்தவையும்கூட. அதனால் திட்டங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை என்பது என் கருத்து. பள்ளியைச் சுற்றியுள்ள ஊரையும் தராசில் ஏற்ற வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும். உதவி கேட்டுப் போகும் மாணவனை யார் பார்ப்பார்கள்? பார்த்தவர் யாரிடம் சொல்வார்? அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதிப் பார்த்தால் பாதித் தேர்வுகள் தாமாகவே விலகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் உள்ளது. 40 பேர் உள்ள வகுப்பென்றால் ஐந்தாறு பேர். அவர்களில் எத்தனை பேர் உதவி தேடி வருவார்கள் என்பது வேறு கணக்கு. இளையோர் ஏன் உதவி கேட்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரையில் முன்னால் நின்ற காரணங்கள் மூன்று: பிறர் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கமும் களங்க அச்சமும், தனக்கு நடப்பது இன்னதென்று அடையாளம் தெரியாமை, தானே சமாளித்துக்கொள்வேன் என்ற பிடிவாதம். இந்த மூன்றையும் எந்தப் பிள்ளையும் பிறக்கும்போது கொண்டுவருவதில்லை. வீட்டிலும் தெருவிலும் கற்றுக்கொள்கிறது.

சூழல் எப்படி உள்ளே வருகிறது

சூழல் என்றதும் நல்ல ஊர், கெட்ட ஊர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றும். ஆய்வுகள் அவ்வளவு எளிதாகப் பிடிகொடுப்பதில்லை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரேட் ஸ்மோக்கி மலைப் பகுதிச் சிறுவர்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். மொத்தம் 1,420 பேர். அவர்களில் சுமார் கால் பங்கினர் செரோக்கி பழங்குடியினர். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. அதன் வருமானத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு பழங்குடிக் குடும்பத்துக்கும் ஆண்டுதோறும் போய்ச் சேர்ந்தது. யாரும் திட்டமிடாமலேயே ஒரு பரிசோதனை அமைந்துவிட்டது. வறுமையிலிருந்து மேலேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஒருபோதும் ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கே வந்துவிட்டன. மனச்சோர்வும் பதற்றமும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 2003இல் வெளியான அந்த ஆய்வு, மாற்றத்துக்கு முக்கியக் காரணமாகச் சுட்டியது பெற்றோரின் கவனிப்பைத்தான். கையில் கொஞ்சம் காசு புரண்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோருக்கு நேரம் கிடைத்தது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, 1994இல் தொடங்கிய இன்னொரு அமெரிக்கப் பரிசோதனை. பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், மிக வறிய குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்கு வீடு மாற உதவினார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சிறுமியரின் மனநலம் மேம்பட்டிருந்தது. சிறுவர்களின் நிலையோ மோசமாகியிருந்தது. மனச்சோர்வு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம், நடத்தைக் கோளாறு மூன்றுமே, வீடு மாறாத குடும்பங்களின் சிறுவர்களைவிட இவர்களிடம் கூடுதலாக இருந்தன. ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே பள்ளி. அக்காவுக்கு மருந்தானது தம்பிக்கு நோயானது. நல்ல சூழலுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு முடிவை அடிக்கடி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்கு உதவி எட்டுகிறது என்று ஆண், பெண் பிரித்துப் பார்க்காத எந்தத் திட்ட அறிக்கையையும் நான் முழுதாக நம்புவதில்லை.

வறுமையில்லாத ஊரின் கதையையும் கேட்க வேண்டும். அன்னா முல்லர், செத் ஆப்ருட்டின் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்க ஊர் ஒன்றில் ஆய்வு செய்தார்கள். ஊரின் உண்மைப் பெயரை அவர்கள் வெளியிடவில்லை. வசதியான ஊர், ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த மக்கள், படிப்பில் பேர்பெற்ற பள்ளி. வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளை வளர்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இருக்காது. ஆனாலும் அங்கே இளையோர் தற்கொலைகள் தொடர்ந்து நிகழ்ந்தன. நெருக்கம்தான் அங்கே சிக்கலாகியிருந்தது என்பதை 2016இல் வெளியான அவர்களுடைய கட்டுரை காட்டியது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால் செய்தி நொடியில் பரவியது. பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஊர் முழுவதும் ஒரே எதிர்பார்ப்பு இருந்தது. எனவே தோற்றதையோ துவண்டதையோ வெளியே சொல்லவே மாணவர்கள் அஞ்சினார்கள், பெற்றோரும் தயங்கினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள் நம் பெரியவர்கள். அந்த ஊரில் உதவிக்குப் பஞ்சமில்லை. அதைக் கேட்பதற்குக் கொடுக்க வேண்டிய விலைதான் அதிகம்.

ஆக, ஒரு பள்ளியைச் சுற்றியுள்ள சூழலைப் பற்றி முடிவெடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. குடும்பங்கள் எவ்வளவு நெருக்கடியில் வாழ்கின்றன, மக்கள் ஒருவரையொருவர் எவ்வளவு அறிவார்கள், மனநலம் பற்றி வாய்விட்டுப் பேசுவது அங்கே எவ்வளவு அவமானம், உண்மையான மருத்துவ உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இனி ஒவ்வொரு தேர்வையும் இந்த மண்ணில் ஊன்றிப் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி

செலவு குறைவு, புதிதாக யாரையும் நியமிக்க வேண்டியதில்லை, பிள்ளைகளை ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தெரியும். குழுக்கூட்டத்தில் இந்த யோசனைக்குத்தான் கைகள் முதலில் உயரும். ஆதாரங்கள் கைகொடுப்பது குறைவு.

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த 'செஹர்' என்ற ஆய்வு இதற்கு நேரடியான பதில் தருகிறது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர் ஒருவர் நடத்தினார். வேறு சில பள்ளிகளில், அதற்கென்றே நியமிக்கப்பட்ட, மனநலத்தில் பட்டம் எதுவும் பெறாத ஒருவர் பயிற்சி பெற்று நடத்தினார். மீதிப் பள்ளிகளில் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும். 2018இல் முடிவுகள் வெளியாயின. தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிய அளவில் மேம்பட்டது. மனச்சோர்வு அறிகுறிகள், சீண்டல், வன்முறை எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் வழக்கமான வகுப்பைவிடக் குறிப்பிடத்தக்க பலன் எதுவுமில்லை.

பாடத்திட்டமும் கையேடும் ஒன்றே. ஆள்தான் வேறு. ஏன் என்று யோசித்தால் காரணம் கண்ணெதிரே நிற்கிறது. மதிப்பெண் போடுபவரிடமும், தேவைப்பட்டால் தண்டிப்பவரிடமும், மாலையில் கடைத்தெருவில் அப்பாவைப் பார்த்துப் பேசக்கூடியவரிடமும் எந்த மாணவி தன் வீட்டுச் சண்டையைச் சொல்வாள்? ஆசிரியர் எவ்வளவு அன்பானவர் என்பதெல்லாம் இங்கே இரண்டாம் பட்சம். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அப்படிப்பட்டது. பாடச்சுமைக்கு நடுவே இன்னொரு வேலையைத் தலையில் ஏற்றினால், முதலில் கைவிடப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 10 நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள் என்று பெரிதாக நடந்த 'செய்ல்' ஆய்வும் (முடிவுகள் 2015இல் வந்தன) இதே பக்கம்தான் சாய்கிறது. ஆசிரியர்களுக்கு அபாய அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சி தந்த பிரிவில், ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சிகளில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் ஆசிரியர்களைக் கொண்டே, இந்தக் கணத்தில் மனத்தை ஊன்றப் பழக்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' பயிற்சி வகுப்புகள் நடத்திப் பார்த்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மாணவர்களின் மனநலத்தில் வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் இல்லை. ஆசிரியர்களின் சோர்வு மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. அதுவும் வேண்டியதுதான், ஆனால் குழு அதற்காகப் பணம் ஒதுக்கவில்லை.

இதனால் ஆசிரியர் பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளையையும், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விசித்திரமாக எழுதும் பிள்ளையையும் முதலில் கவனிப்பவர் வகுப்பாசிரியர்தான். கவனித்து, அடுத்தவரிடம் கைமாற்றிவிடும் வேலைக்கு அவரைப் பழக்கலாம். கைமாற்றிவிட அடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் ஒளிந்திருக்கும் நிபந்தனை. அந்த அடுத்தவர் இல்லாத பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியரின் நிலை இன்னும் சங்கடம்: பிள்ளை தவிப்பது தெரியும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

பள்ளிக்குள் ஒரு தனி ஆள்

என் சாய்வு இந்தப் பக்கம் என்பது இதற்குள் புரிந்திருக்கும். ஆனாலும் ஆலோசகரை வைத்தாயிற்று என்று சொல்லி முடித்துக்கொள்ளும் பள்ளிகளே அதிகம். அவரை எப்படி வைப்பது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும்.

நாளந்தாவில் அந்த ஆலோசகர் அறைக்குள் உட்கார்ந்து ஆள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசினார். மாதம் ஒரு சுவர்ப் பத்திரிகை வந்தது. பெற்றோர், ஆசிரியர், மாணவர் சேர்ந்த குழு ஒன்று இயங்கியது. மனதில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார்கள். பெயர் போட வேண்டிய கட்டாயமில்லை. அந்தப் பெட்டியில் விழுந்தவை எல்லாம் மனநலம் பற்றியவையாகவா இருந்திருக்கும்? கழிப்பறை, குடிநீர், அடிக்கிற ஆசிரியர் என்று எதுவும் வந்திருக்கலாம். அதுதான் இதன் சூட்சுமம் என்று நினைக்கிறேன். எல்லாரும் எல்லாவற்றுக்கும் போய்ப் பார்க்கும் ஒருவரிடம் ஒரு பிள்ளை போனால், எதற்குப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. 'பிரச்சினை உள்ள பிள்ளைகள்' மட்டும் போகும் அறை என்றால், அந்த அறையின் கதவே ஒரு முத்திரை.

எனவே அறை எங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. தலைமையாசிரியர் அறைக்கு எதிரே வைத்தால் தண்டனைக்குப் போவதுபோல் இருக்கும். மாணவர் வரிசையில் நிற்கும் தாழ்வாரத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் பள்ளிக்கே தெரிந்துவிடும். நூலகத்தின் உள்பக்கம், விளையாட்டுப் பொருள் தரும் இடத்துக்கு அடுத்து என்று, எவரும் எதற்காகவும் நடமாடும் வழியில் இருப்பது நல்லது.

அடுத்தது, உள்ளூர்க்காரரா வெளியாளா? இதற்கு ஒரே விடை கிடையாது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளை வைத்துத் தொடங்கிய நட்பு இருக்கைத் திட்டம், உள்ளூர்க்காரரின் பலத்துக்கு உலகறிந்த சான்று. சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர இருக்கை, பயிற்சி பெற்ற ஒரு பாட்டி, பிரச்சினையைப் பிரித்துப் பார்த்துத் தீர்க்கும் உரையாடல். 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இந்த இருக்கைக்கு வந்தவர்களின் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் வயது வந்தவர்கள். பெரியவருக்கு ஆறுதல் தருகிற அதே பாட்டி, 15 வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் தோழியாகவும் இருக்கக்கூடும்.

அதனால் நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. குடும்பங்கள் புதிதாகக் குடியேறியவையாக, மொழியோ பழக்கவழக்கமோ வேறுபட்டவையாக இருந்தால், அவர்களில் ஒருவராக இருக்கும் ஆலோசகருக்கே கதவு திறக்கும். வெளியாளை அரசாங்கத்தின் ஆள் என்று சந்தேகிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வேர்விட்ட, எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு உறவுமுறை ஆகிற ஊர் என்றால், மாலை ஆனதும் பேருந்து ஏறிப் போய்விடும் வெளியூர்க்காரர் நல்லது. அவருக்கு ஊரின் கதைகள் தெரியாது என்பது குறைதான், ஆனால் அவர் வழியாக ஒரு கதையும் வெளியே போகாது என்ற நம்பிக்கை அதைவிடப் பெரிது.

எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைப்பது 250 மாணவர்களுக்கு ஒருவர். அங்கேயே பல மாநிலங்களில் அது எட்டாக்கனி. 1,500 பேர் படிக்கும் பள்ளிக்கு ஒருவரை வைத்துவிட்டு அவரிடமே வருகைப் பதிவேடு, தேர்வு மேற்பார்வை, உயர்கல்வி வழிகாட்டுதல் எல்லாம் ஒப்படைத்தால், நியமன ஆணையில் மட்டும்தான் அவர் ஆலோசகர்.

வெளி மையமும் தொலைபேசியும்

வெளி மையத்தின் பெரிய பலம் தேர்ச்சி. மருத்துவர் உண்டு, உளவியலாளர் உண்டு, மருந்து தேவைப்பட்டால் தரவும் முடியும். பலவீனம் தூரம். கிலோமீட்டர் கணக்கு மட்டுமில்லை. பள்ளி நேரத்தில் அனுமதி வாங்க வேண்டும், பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டும், எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு வழியில் பதில் சொல்ல வேண்டும். நெருக்கடியில் வாழும் குடும்பங்களுக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு சுவர். கையில் பரிந்துரைச் சீட்டோடு வீட்டுக்குப் போன பிள்ளை மையத்தை எட்டியதா என்று தொடர்ந்து பார்க்கும் பள்ளிகள் மிகக் குறைவு.

ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் மையங்கள் இந்தச் சிக்கலில் பாதியை அவிழ்த்தன. 12 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கான இந்த மையங்களில் மனநலத்தோடு உடல்நலம், மது மற்றும் போதைப்பழக்கம், படிப்பு மற்றும் வேலை ஆகியவற்றுக்கும் உதவி உண்டு. படியேறும் இளைஞன் வேலை விண்ணப்பம் எழுத வந்தானா, உறக்கமின்மைக்கு வந்தானா என்று தெருவுக்குத் தெரியாது. உங்கள் பள்ளிக்கு எட்டும் தூரத்தில் இப்படிப் பலதும் சேர்ந்த இடம் ஒன்று இருந்தால் அதோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பலகையில் மனநோய் மருத்துவமனை என்று மட்டும் எழுதியிருக்கிற இடம்தான் உண்டென்றால், அங்குள்ளவரை வாரம் ஒருமுறை பள்ளிக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாணவரை நகர்த்துவதைவிட மருத்துவரை நகர்த்துவது பெரும்பாலும் எளிது.

தொலைபேசி உதவி எண் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் 1986இல் தொடங்கிய சைல்டுலைன் முதல் இன்றைய குறுஞ்செய்திச் சேவைகள் வரை இவற்றின் பயன் உறுதியானது: இரவு இரண்டு மணிக்கும் ஒருவர் எடுப்பார், முகம் காட்ட வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். ஊர்வாய்க்கு அஞ்சும் பிள்ளைக்கு இது பெரிய திறப்பு. ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் உறங்கும் வீட்டில், குடும்பத்துக்கே ஒரு கைபேசி இருக்கும் வீட்டில், பெண்பிள்ளையின் கைபேசியை அண்ணன் சோதிக்கும் வீட்டில், முகம் காட்டாமல் பேசலாம் என்பதற்குப் பொருளே இல்லை. எண்ணைச் சுவரில் எழுதுங்கள். அதைத் திட்டம் என்று கணக்கில் காட்டாதீர்கள்.

சக மாணவர்கள்

செய்ல் ஆய்வில் பலன் தந்த பிரிவு எது என்று சொல்லவில்லையே. மாணவர்களே மையமாக இருந்த பிரிவு. நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம். அன்றாடச் சிக்கல்களை நடித்துப் பார்ப்பது, பேசுவது, நண்பன் தவித்தால் என்ன செய்வது என்று யோசிப்பது. ஓராண்டு கழித்து, புதிய தற்கொலை முயற்சிகளும் தீவிரமான தற்கொலை எண்ணங்களும் ஒப்பீட்டுப் பிரிவில் இருந்ததைப் போல ஏறத்தாழ பாதியாக இருந்தன. வகுப்பை நடத்தியவர்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் அல்லர், வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகள் முதலில் சொல்வது நண்பர்களிடம்தான். அந்த உரையாடல் நம் அனுமதி இல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் பழக்கிவிடுவது நல்லது. ஆனால் சிலரை மட்டும் 'மாணவ ஆலோசகர்கள்' என்று பட்டம் சூட்டி நியமிக்கும் முறையில் எனக்குத் தயக்கம் உண்டு. 14 வயதுப் பிள்ளையின் தோளில் இன்னொரு பிள்ளையின் உயிரை ஏற்றக் கூடாது. சிறிய ஊர்களில் இது இன்னும் சிக்கல்: யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த மாணவ ஆலோசகரின் வழியாகவே அவர் வீட்டுக்கும் போகும். எல்லாருக்கும் வகுப்பு, ரகசியத்தை எப்போது காக்கக் கூடாது என்ற ஒரு பாடம், எந்தப் பெரியவரிடம் போவது என்ற தெளிவு. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

ஊரையே மாற்றுவது

ஐஸ்லாந்து இதைச் செய்து காட்டியது. 1998இல் அந்நாட்டில் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது போதையேறக் குடித்தவர்கள். 2016இல் அது 5 விழுக்காடு. தினமும் புகைப்பவர்கள் 23இலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தார்கள். போதையின் தீமை பற்றி மேடையில் முழங்கியதால் வந்த மாற்றமில்லை இது. பள்ளிதோறும் கருத்துக்கணிப்பு நடத்தி அந்தந்த ஊருக்கே அதன் நிலையைக் காட்டினார்கள். பெற்றோர் கூடித் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். விளையாட்டு, இசை, கலை வகுப்புகளுக்கு அரசு பணம் கொடுத்தது. இரவு நேரத்தில் சிறுவர்கள் வெளியே சுற்றக் கட்டுப்பாடு வந்தது.

இது போதைப்பழக்கத்தைக் குறிவைத்தது என்பதை மறக்கக் கூடாது. மனச்சோர்வுக்கும் இதே அளவில் பலிக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆண்டுகள் எடுக்கும், நாடளவில் அரசு துணை வேண்டும், ஒரு பள்ளி தனியாகச் செய்யக்கூடியதும் இல்லை. இன்று வகுப்பில் உட்கார்ந்து தவிக்கும் பிள்ளைக்கு இது நேரத்துக்கு வந்து சேராது. இதில் ஒரு பள்ளி எடுத்துக்கொள்ளக்கூடியது, ஊரிடம் அதன் நிலையைக் காட்டும் அந்த முதல் படி. பெயரில்லாத ஒரு கேள்வித்தாள்: உறங்குகிறீர்களா, பேச ஆள் இருக்கிறதா, பள்ளியில் பயம் உண்டா. விடைகளைத் தொகுத்துப் பெற்றோர் கூட்டத்தில் வைத்தால், 'எங்கள் ஊரில் அதெல்லாம் இல்லை' என்ற வாதம் அந்த அறையிலேயே அடங்கும். விடைத்தாளில் உடனடி ஆபத்து தெரிந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துவிட்டு இதில் இறங்க வேண்டும்.

எந்த ஊருக்கு எது

எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய ஊரில், வெளியிலிருந்து வரும் ஆலோசகர். பல வேலைகளுக்கும் பயன்படும் பொதுவான அறை. அதோடு உதவி எண். மாணவ ஆலோசகர் முறை வேண்டாம்.

ஒருவரையொருவர் அறியாத பெரிய நகரில் ஊர்வாய்க்கு அவ்வளவு பலம் இல்லை. அங்கே சிக்கல் தனிமை. பிள்ளை மூன்று நாள் வராவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அங்கே வகுப்பாசிரியரின் கவனிப்பும் சக மாணவர் வகுப்பும் கூடுதல் பலன் தரும்; வெளி மையங்களும் எட்டும் தூரத்தில் இருக்கும்.

வறுமையும் நிலையின்மையும் மிகுந்த பகுதியில் ஆலோசகருக்கு உரையாடல் திறனைவிட வேறொன்று அதிகம் வேண்டும்: உதவித்தொகை, விடுதி இடம், சட்ட உதவி, வேலைவாய்ப்பு ஆகியவை எங்கே கிடைக்கும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற விவரம். செரோக்கிக் குடும்பங்களின் அனுபவம் இதைத்தான் சொல்கிறது. வாடகை கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது எனக்குக் கொஞ்சம் கொடுமையாகவே படுகிறது.

படிப்பில் பேர்பெற்ற, போட்டி மிகுந்த ஊரில் முதல் வேலை பெற்றோரிடம். அங்கே ஆலோசகரை நியமித்தால், 'கவனம் சிதறாமல் படிக்க வையுங்கள்' என்று பெற்றோரே அவரை மதிப்பெண் கருவியாக மாற்றப் பார்ப்பார்கள். அவருடைய பணி என்ன, எது இல்லை என்று எழுத்தில் வைக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பொதுப் பலகையில் ஒட்டும் வழக்கத்தை நிறுத்த ஒரு காசும் செலவில்லை. அதை முதலில் செய்யலாம்.

பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், மதிப்பெண் போடாத, தண்டிக்காத ஒரு பெரியவரைப் பள்ளிக்குள் வைப்பதற்கே செலவிடச் சொல்வேன். உயர்பட்டம் பெற்றவர் கிடைக்காவிட்டாலும் நல்ல பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தால் போதும் என்பதை நாளந்தா காட்டியிருக்கிறது என்றே நினைக்கிறேன். மேற்பார்வைக்கான செலவை மட்டும் வெட்டக் கூடாது. நாள் முழுவதும் பிறர் துயரத்தைக் கேட்பவருக்கு, தான் கேட்டதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும்.

எந்தத் தேர்வானாலும் ஒன்றை விட முடியாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த நாளில் யாருக்கு அழைப்பது, யார் உடன் போவது, பெற்றோரிடம் யார் சொல்வது, அந்தப் பெற்றோரே ஆபத்தின் காரணம் என்றால் என்ன செய்வது. இவை ஒரே தாளில் எழுதி அறையில் இருக்க வேண்டும். ரகசியம் எதுவரை காக்கப்படும் என்பதை முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது துரோகமாகப் படும், அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அதன் நண்பர்களும் திரும்ப வரமாட்டார்கள்.

ஓராண்டு முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு குழு திருப்தியடையக் கூடாது. ஒருமுறை வந்து மறுமுறை வராதவர்கள் எத்தனை பேர், எந்த வகுப்பிலிருந்து ஒருவர்கூட வரவில்லை, சிறுவர்கள் வருகிறார்களா, ஊரின் எந்தப் பகுதிப் பிள்ளைகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்று ஆலோசகரிடம் பெயர்கள் இல்லாமல் கேட்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பணத்தை எங்கே திருப்புவது என்பது அந்த விடைகளைப் பொறுத்தது.